குச்சுக்குள் இருந்த குரல்

குச்சுக்குள் உட்கார்ந்த கடைசிக் கூட்டம் நாம்தான் என்று நினைக்கிறேன். நம் மகள்களுக்கே அது கிடையாது. பேத்திகளிடம் சொன்னால், "நீங்க எதுக்கு அங்க போய் உட்கார்ந்தீங்க?" என்று நம்மையே கேட்கிறார்கள். என்னமோ நாம் ஆசைப்பட்டுப் போன மாதிரி! நம்மை யார் கேட்டார்கள்? பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து வீட்டுக்குப் பின்னால் பச்சை ஓலையில் குச்சு கட்டுவார். உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். தனிப் பாய், தனி வட்டில், தனி டம்ளர். ஆம்பளை முகத்தில் விழிக்கக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளன்று குச்சையும் அதற்குள் கிடந்த சாமானையும் சேர்த்துக் கொளுத்திவிடுவார்கள். உங்களுக்கெல்லாம் அந்த நாட்களை நினைத்தால் உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஞாபகம் வரும். எனக்கு ஜீப் சத்தம்தான் வரும்.

எண்பதுகளின் ஆரம்பம். கே.கே. நகரில் அப்பா கடனை உடனை வாங்கிக் கட்டிய புது வீடு. பின்புறம் கொஞ்சம் காலி இடம், அதில் ஒரு முருங்கை மரம், அதை ஒட்டி மாடிக்குப் போகும் வெளிப்படி. அந்தப் படிக்கும் மரத்துக்கும் நடுவில்தான் என் குச்சு. மாமா அலங்காநல்லூர்ப் பக்கத்து ஊரிலிருந்து பஸ் கூரையில் தென்னை ஓலையை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். கண்டக்டருடன் சண்டை போட்ட கோபத்தோடேயே கட்டி முடித்தார். ஓலை ஈரமாக இருந்ததால் உள்ளே பச்சை வாடை மூச்சை அடைத்தது. காற்று கருப்பு அண்டாமல் இருக்க உலக்கையைக் குறுக்கே போட்டார்கள்.

எனக்குக் காற்று கருப்பெல்லாம் பயமில்லை. இருட்டுதான் பயம். அம்மா ஒரு சிம்னி விளக்கைக் கொண்டுவந்து வைத்தாள். அப்பா குதித்தார்.

"ஓலைக்குள்ள போயி மண்ணெண்ணெய் வெளக்கா? அறிவு கெட்டவளே, புள்ளையோட சேந்து வீடும் எரியணுமா?"

"எரிஞ்சா எரியட்டும். எம்புள்ளைக்கு இருட்டுன்னா ஆகாது. வெளக்க எடுத்தா நானும் உள்ள போயி உட்காந்துக்கிருவேன், நீங்களே உலை வச்சு ஆக்கித் தின்னுங்க."

விளக்கு இருந்தது. அம்மா அப்பாவை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இனி மாடி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தவர். அரபு நாட்டிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் மதுரையில் அப்படிப் பல பேர் உண்டு, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எந்த நாடு என்று சொல்ல மாட்டேன். அவர் சொல்ல வேண்டாம் என்றார், நானும் இதுவரை சொன்னதில்லை. ஒடிசலான ஆள், சீவாத தலை, அரைத் தாடி. தமிழைப் பஸ்ஸில் கற்றுக்கொண்டவர் ஆகையால், வீட்டுக்கு வருகிறவர்களை "உள்ள போ, உள்ள போ, ஏறி வா" என்றுதான் வரவேற்பார். எனக்குச் சிரிப்பு அடங்காது.

அப்பாவுக்கு அவரைப் பிடிக்காது. சாயங்காலமானால் மாடியில் டேப்ரெக்கார்டர் ஓடும். பாட்டு இல்லை. யாரோ பெண்கள் பேசுவார்கள், அழுவார்கள். "படிக்க வந்தவன் ஒப்பாரி கேக்குறான்" என்பார் அப்பா. அவருக்குப் பிடித்தவர் வேறொருவர். அதே நாட்டுக்காரர், மாடி அண்ணனின் வகுப்புத் தோழர். தெருமுனையில் வரும்போதே சென்ட் வாசனை வீட்டுக்குள் வந்துவிடும். நாங்கள் சென்ட் அண்ணன் என்போம். தேய்த்த சட்டை, பளபளக்கும் ஷூ, அப்பாவைக் கண்டால் எழுந்து நிற்கும் மரியாதை. அப்பாவுக்கு வெளிநாட்டு பிளேடு பாக்கெட் கொண்டுவந்து கொடுப்பார். அப்பா மழமழவென்று சவரம் செய்துகொண்டு, "பையன்னா இப்பிடி இருக்கணும்" என்று எங்களுக்கே புத்தி சொல்வார். தோசையோடு தோசையாகச் சென்ட் அண்ணனிடம் மாடி டேப்ரெக்கார்டரைப் பற்றிப் புலம்பியதும் அப்பாதான். பொழுதெல்லாம் பொம்பளைகள் அழுகிற சத்தம், தலைவலி தாங்கவில்லை என்று. சென்ட் அண்ணன் இன்னொரு தோசை கேட்டு வாங்கிக்கொண்டு, எந்த நேரம், எத்தனை குரல் என்று கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு அக்கறையான பையன் என்று அப்பா நினைத்தார்.

நான் குச்சுக்குப் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, துணி காயப்போட அம்மாவும் நானும் மாடிக்குப் போனபோது நானே வாய் விட்டுக் கேட்டேன். "இந்த டேப்புல அழுகுறது யாருண்ணே?"

அவர் யோசித்தார். "அம்மா" என்றார்.

"உங்க அம்மாவா?"

"இல்ல. எல்லாம் அம்மா."

அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அவர் நாட்டில் அரசாங்கத்தைக் கேள்வி கேட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல மாட்டார்கள். அம்மாக்கள் பையன்களின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார்கள், அடித்து விரட்டினார்கள். அதன்பிறகு அவர்களும் சில வக்கீல்களும் மாணவர்களும் சேர்ந்து ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு அம்மாவும் தன் பிள்ளையைப் பற்றி கேசட்டில் பேசினாள். பாட்டுக் கேசட் என்று மேலே ஒட்டி, விடுமுறைக்குப் போய்வரும் பையன்கள் வழியாக அவற்றை மதுரைக்கு அனுப்பி வைத்தார்கள். மதுரையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இங்கிருந்து மெட்ராஸ் வக்கீல் ஒருவர் வாங்கிக்கொண்டுபோய் வெளிநாட்டில் ஒரு பெரிய கூட்டத்தில் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. வேறு பிரதி கிடையாது. அங்கே வைத்திருந்தால் வைத்திருந்தவர்களுக்கே ஆபத்து. இங்கே கடையில் கொடுத்துப் பிரதி எடுக்கலாம் என்றால் அவருக்குப் பயம்.

"சத்தம் வெளிய போனா பையன் உயிரோட இருக்கும்" என்றார். "சத்தம் போகல, பையன் இல்ல."

அம்மா ஈரத்துணியைப் பிழியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அன்றிலிருந்து மாடிக்குக் குழம்பு போக ஆரம்பித்தது.

குச்சுக்குள் போன மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, வெயில் ஏறுகிற நேரம். தெருவில் ஜீப் வந்து நிற்கும் சத்தம். எங்கள் தெருவுக்கு அதுவரை ஜீப் வந்ததே இல்லை. படியில் தடதடவென்று யாரோ இறங்கினார்கள். ஓலை இடுக்கு வழியே பார்த்தேன். மாடி அண்ணன் ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பினார்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை வெடுக்கென்று பிடுங்கிக் குச்சுக்குள் எறிந்தாள். "பாய்க்கு அடியில வையிடி. மேல உட்காரு. அசைஞ்சியோ, தொலைச்சுப்புடுவேன்."

கேசட்டுகளும் அந்த டேப்ரெக்கார்டரும் என் தொடைக்கு அடியில் குத்தின. பாவாடையை விரித்து மூடிக்கொண்டேன். பயத்தில் அழுகை கூட வரவில்லை.

மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள். கூடவே சென்ட் வாசனை. தோசை தின்றுகொண்டே அவர் கேட்ட கேள்விகள் எதற்கென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாடியைப் புரட்டிப் போட்டார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டார்கள். சாமி படத்துக்குப் பின்னால் பார்த்தார்கள். கடைசியில் பின்புறம் வந்தார்கள்.

"இது என்னாக்கா?" என்றார் மூத்த போலீஸ்காரர்.

"பொண்ணு குச்சுக்குள்ள இருக்கா சார்."

அந்த மனிதர் நெருப்பை மிதித்தவர் போல இரண்டு எட்டு பின்னால் போனார். "அடடா, மன்னிச்சுக்கங்கக்கா. முன்னாடியே சொல்லப்படாதா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். சென்ட் அண்ணன் குச்சைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ கேட்டார். "அங்கெல்லாம் ஆம்பள போகக் கூடாது தம்பி, நீ பேசாம இரு" என்று போலீஸ்காரர் அதட்டிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "இந்தப் பையன் இங்க இருந்துக்கிட்டு அவங்க நாட்டு அரசியல் பண்றான்னு அவங்க தூதரகத்துல புகார். கேசட் மட்டும் கையில கெடச்சிருச்சுன்னா அடுத்த பிளைட்ல ஏத்தி அனுப்பிருவாங்க. அங்க போனா என்ன ஆவான்னு நமக்கு எதுக்கு? சொல்லிப்புட்டேன், பாத்து நடந்துக்கங்க."

மாடி அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய், மறுநாள் திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா அவரை உடனே வீட்டைக் காலி செய்யச் சொன்னார். விசேஷம் முடியட்டும் என்று அம்மா நிறுத்தி வைத்தாள். பை எங்கே இருக்கிறது என்பது அப்பாவுக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றும் அன்றைக்கு மெட்ராஸ் வக்கீலக்கா விசேஷத்துக்கு வருகிற விருந்தாளி மாதிரி வருவாள், அவளிடம் பையைக் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணனும் அம்மாவும் துணி காயப்போடும் கொடியடியில் பேசிக்கொண்டது எனக்குக் கேட்டது.

பையைத் தொடாதே என்று அம்மா சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னால் தொடாமல் இருக்க நான் என்ன சாமியாரா? ஓலைக்குள் விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் ஓணானைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது? டேப்ரெக்கார்டரைக் காதோடு வைத்து, சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்து, அந்தக் கட்டையான பொத்தானை அழுத்தினேன். அதில் ஏற்கெனவே ஒரு கேசட் இருந்தது.

ஒரு பெண் பேசினாள். அழவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் நின்று பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினாள். ஒரு இடத்தில் தொண்டையைச் செருமினாள். ஒரு இடத்தில் கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். முதல் நாள் அது வெறும் சத்தமாக இருந்தது. பிறகு எங்கே மூச்சு விடுவாள், எங்கே நிறுத்துவாள் என்று எனக்குத் தெரிந்தது. இந்திப் பாட்டை அர்த்தம் தெரியாமல் முழுசாகப் பாடுவோமே, அந்த மாதிரி என் வாயில் ஏறிவிட்டது.

ஒருநாள் அம்மா குச்சு வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேசட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த நான் அவளைக் கண்டதும் பட்டென்று நிறுத்தினேன். நல்ல பூசை கிடைக்கப்போகிறது என்று காத்திருந்தேன்.

அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எனக்கும் கேக்குற மாதிரி வையிடி."

வைத்தேன். முறத்தில் அரிசி ஓசை நின்றுபோனது. முடிந்ததும், "இன்னொருக்கா" என்றாள். அந்த இன்னொரு தடவையில்தான் பாட்டரி இறங்கியது. அந்தப் பெண்ணின் குரல் ஆம்பளைக் குரல் போலக் கனத்து, இழுத்து, பாதிப் பேச்சில் நின்றது. பாட்டரி வாங்கப் போனால் எதற்கு என்று அப்பா கேட்பார். அதனால் அதன்பிறகு நான் அதைக் கேட்கவே இல்லை; அதற்கு முன்பும் கடைசிப் பகுதி வருவதற்குள் யாராவது வந்துவிடுவார்கள், நிறுத்திவிடுவேன். எனக்கு ஏறியதெல்லாம் அது நின்ற இடம் வரைக்கும்தான். மற்ற கேசட்டுகளில் கை வைக்கவும் இல்லை.

விசேஷ நாள் காலை. வாசலில் ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய் அலறிக்கொண்டிருந்தது. என்னைக் குச்சிலிருந்து வெளியே கூட்டிவந்து பலகையில் உட்கார வைத்து மஞ்சள் தண்ணீரை ஊற்ற ஆரம்பித்தார்கள். கூட்டுகிற சாக்கில் உள்ளே போய்ப் பையை எடுத்துவிடுவது என்பது அம்மாவின் திட்டம். விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் ஜீப்.

இந்தத் தடவை சென்ட் அண்ணனோடு பொம்பளைப் போலீசையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். குச்சுக்குள் நுழையத்தான் என்று தெரிந்துவிட்டது. அம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். சந்தனக் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றாளாம். "விசேஷ வீட்டுக்கு வந்துட்டு சந்தனம் எடுக்காம உள்ள போனா எப்பிடி? கல்கண்டு எடுத்துக்கங்க. நீங்களும் எடுத்துக்கம்மா. காப்பி குடிச்சிட்டுத்தான் போகணும்." முன்னால் அவள் இப்படி நேரத்தை இழுத்துக்கொண்டிருக்க, பின்னால் மாமா மனைவி, என் அத்தை, வானத்தைப் பார்த்தாள்.

"எமகண்டம் பொறக்கப் போகுது. ஏண்டி, இன்னும் குச்சக் கொளுத்தாம என்ன வேடிக்க பாக்குறீங்க?"

மண்ணெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவிட்டாள். "அத்த, வேணாம், கொளுத்தாதீங்க!" என்று கத்தினேன். பை என்று சொன்னால் வாசலுக்குக் கேட்டுவிடும். வேறு என்ன சொல்வது? என் வாயில் ஒரு செம்புத் தண்ணீர் விழுந்தது.

"அடி ஆத்தி! குச்ச விட்டு வர மனசில்லையாம்டி இவளுக்கு! இன்னும் ஒரு மாசம் இருக்கியாடி?" என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளைப் பிடித்து அமுக்கினார்கள். அத்தை தீக்குச்சியைக் கிழித்துப் போட்டாள்.

அதற்குள் வெயிலில் காய்ந்துபோயிருந்த ஓலை. பொசுக்கென்று எரிந்து எழுந்தது. வாசலிலிருந்து அவர்கள் பின்புறம் வந்து சேர்ந்தபோது குச்சு முழுக்க நெருப்பு. அம்மா அதைப் பார்த்ததும் சந்தனக் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டாள். ஓலைப் புகை வெள்ளையாக வந்துகொண்டிருந்தது. பிறகு அடியிலிருந்து கறுப்பாகச் சுருண்டு வந்தது. அந்த நாற்றம்! இன்றைக்கும் குப்பை மேட்டில் பிளாஸ்டிக் எரிந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவது அதனால்தான்.

சென்ட் அண்ணன் மோந்து பார்த்தார். புகையைக் கைகாட்டி மூத்த போலீஸ்காரரிடம் படபடவென்று பேசினார். அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து, கொட்டிய சந்தனத்தை வழித்துக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் அண்ணன் சிலையாக நின்றார்.

பொம்பளைப் போலீஸ்தான் சொன்னாள்: "பிளாஸ்டிக் டம்ளர் கெடந்திருக்கும் சார். எனக்கும் அப்பிடித்தான் எல்லாத்தையும் போட்டுக் கொளுத்துனாங்க." சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். அவள் அதை நம்பித்தான் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவர்கள் காப்பி குடிக்காமலே போனார்கள்.

அத்தையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். விஷயம் தெரிந்தபோது முதலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். ஒரு வருஷம் போனது. "போலீஸ் வந்ததப் பாத்தேன், டப்புன்னு கொளுத்திட்டேன், எனக்குத் தெரியாதா என்ன?" என்று கல்யாண வீடுகளில் சொல்ல ஆரம்பித்தாள். சாகிற வரைக்கும் அதையே சொன்னாள். நாங்களும் மறுக்கவில்லை. உண்மையில் அவள் கொளுத்தாமல் இருந்திருந்தால் கேசட்டுகளும் போயிருக்கும், அண்ணனும் போயிருப்பார்.

மத்தியானப் பந்தியின்போது வக்கீலக்கா வந்தாள். சுங்குடிச் சேலை, கையில் வெற்றிலைத் தட்டு, தோளில் கைப்பையோடு ஒரு காலித் துணிப்பை. அம்மா அவளையும் மாடி அண்ணனையும் சாமான் அறைக்குள் கூட்டிப்போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து விசும்பல் கேட்டது. ஒரு பெரிய ஆம்பளை அப்படி அழுது நான் கேட்டதில்லை. எரிந்ததில் எத்தனை அம்மாக்கள் இருந்தார்கள் என்று அவருக்குத்தானே தெரியும்.

நான் பட்டுச் சேலையும் சடை நிறையப் பூவுமாக நாற்காலியில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தேன். அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி. உனக்குத்தான் தெரியும்ல. சொல்லு."

அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். வக்கீலக்கா தன் கைப்பையிலிருந்து சின்ன டேப்ரெக்கார்டரை எடுத்துப் பருப்பு டின்மேல் வைத்தாள். ரேடியோ செட்டை நிறுத்தச் சொன்னால் சந்தேகம் வரும், அதனால் வெளியே நாதஸ்வரம் அது பாட்டுக்கு அலறியது. மாடி அண்ணன் என் முன்னால் தரையில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

சொன்னேன். அந்தப் பெண் மூச்சு விட்ட இடத்தில் விட்டேன். செருமிய இடத்தில் செருமினேன். சிரித்த இடத்தில் எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்தது. அண்ணன் ஒரு இடத்திலும் என்னைத் திருத்தவில்லை. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பாட்டரி தீர்ந்த இடத்தில் நிறுத்தினேன்.

"அப்புறம்?" என்றாள் வக்கீலக்கா.

"அம்புட்டுத்தான்கா."

அந்த ஒரு குரலோடு அவள் அன்று சாயங்காலமே ரயில் ஏறினாள். பாஸ்போர்ட்டுக்காக அவளே கோர்ட்டுக்குப் போனாள். அண்ணனை அவர் நாட்டுக்கு அனுப்பாமல் வேறு நாட்டுக்கு அனுப்பி வைத்தார்கள் என்று பிற்பாடு ஒருமுறை அம்மாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கூட்டத்தில் என் குரலைப் போட்டார்களாம். அரபு நாட்டு அம்மாவுக்குப் பின்னால் நாதஸ்வரம் ஏன் கேட்கிறது என்று எல்லோரும் கேட்டார்களாம். கேசட்டில் பேசினவளின் பையன் கிடைத்தானா என்று அம்மா கேட்டாள். அது தெரியவில்லை என்றாள். விசேஷம் முடிந்து வீட்டைக் காலி செய்துகொண்டு போகும்போது மாடி அண்ணன் என்னிடம் விடைபெற்றார். கேசட்டில் அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டேன். பெரியவளானதும் சொல்கிறேன் என்றார். எனக்குக் கோபமான கோபம். அப்போதுதானே ஊரைக் கூட்டி என்னைப் பெரியவள் என்று சொல்லியிருந்தார்கள்!

போன வருஷம் கண் புரைக்கு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நம் ஊருக்கு இப்போது எங்கெங்கிருந்தோ கண் பார்க்க வருகிறார்கள். பக்கத்து நாற்காலியில் கறுப்பு அங்கி போட்ட கிழவி ஒருத்தி, கூட அவள் மருமகன். அவர்கள் அந்தக் கேசட் பாஷையில் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் எனக்கு ஓலை வாடை அடித்தது. என்ன துணிச்சலோ தெரியவில்லை. கிழவியின் பக்கம் திரும்பி, இத்தனை வருஷமாக வாய்க்குள்ளேயே வைத்திருந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன்.

கிழவி என் கையைப் பிடித்தாள். பிடி இறுகிக்கொண்டே போனது. நான் நிறுத்தியதும் மருமகன் மெதுவாக எனக்குப் புரிகிற இங்கிலீஷில் சொன்னான். அது இதுதான்.

'என் மகனுக்கு இருட்டு என்றால் பயம். இவ்வளவு பெரிய ஆளாகியும் பயம், நாங்கள் அவனைக் கேலி செய்வோம். அவன் தூங்கும் வரைக்கும் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் இருப்பேன். அவனைக் கொண்டுபோனவர்களே, நீங்களும் யாரோ ஒருத்தி மடியில் தூங்கினவர்கள்தான். அவனை எங்கே வைத்திருந்தாலும் விளக்கை மட்டும் அணைக்காதீர்கள். அப்படி அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால்...'

நான் அழுதுவிட்டேன். சிம்னி விளக்குக்காக அப்பாவோடு மல்லுக்கு நின்ற அம்மா, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு அதை இரண்டு தடவை கேட்டாளே. அவளிடம் போய்ச் சொல்ல முடியாது. அவள் போய் வருஷங்களாகிவிட்டன.

கிழவி என் கையை விடவில்லை. ஆட்டி ஆட்டி எதையோ கேட்டாள்.

மிச்சம் எங்கே என்று கேட்பதாக மருமகன் இங்கிலீஷில் சொன்னான்.

கட்டுப் போடாத கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளுக்குப் புரியாது என்று தெரிந்தும் தமிழிலேயே சொன்னேன். "எரிச்சுப்புட்டோம்மா."